இசபெல்லாவும் பாலைத்திணையும்

பிரிவைப் பாடும் பாடல்கள் பல. பிரிவின் காரணத்தைச் சுட்டிப் பாடுவன சில. ‘சர்ச்’ என்னும் மலேசிய ராக் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ‘இசபெல்லா’ அச்சிலவற்றுள் ஒன்று. பாடியவர் அமி, சொற்களை யாத்தவர் பாப் லொக்மான். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரும்புகழ் பெற்ற இம்மலாய்ப் பாடல் இன்றும் கேட்போரை உருக்குவது ஏன்?

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. இப்பாடலோ தலைவியின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. ஆயினும் அவள் ஊரும் குடியும் சமயமும் பாடலில் இல்லை. மலாய்ச் செவிக்கு அப்பெயரே அவள் வேற்றுச் சமயத்தாள் என்பதை உணர்த்திவிடுகிறது. முஸ்லிமை மணப்போர் இஸ்லாத்தைத் தழுவுதல் வேண்டும் என்பது மலேசிய நாட்டின் சட்டநெறி. ஆகவே, பெயரைக் கேட்ட அளவிலேயே இடைநிற்கும் மதிலும் புலனாகிறது. கூறாது உணர்த்தும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று.

பிரித்தது எது? ‘அடாட்’, அதாவது வழக்கம், வேறுபட்டமையே என்கிறது பாடல். காதலரைப் பழிக்கவில்லை. காதல் உலர்ந்த இலைகளோடு உதிர்ந்தது என்று மட்டும் கூறி அமைகிறது. இதே பாடலில் வரும் பனி இந்நாட்டுக்கு அயலானது. அது ஒரு குறையே. உதிரும் இலையோ அயலன்று. ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதைக் கெடாத் தோட்டத் தமிழர் நன்கறிவர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பிழந்து பாலையாகும் என்பார் இளங்கோவடிகள். பசுமை மாறாத நாட்டிலும் சில வாரங்கள் பாலை தோன்றும் என்பதற்கு அம்மரங்களே சான்று.

பாலையோடு பாடல் முடிந்திருப்பின் அது வெறும் புலம்பலாகும். அவள் நெஞ்சின் கதவு தனக்குத் திறக்கப்படுக என வேண்டுகிறான் தலைவன். வினை செயப்பாட்டுவினை, திறப்பவர் யாரெனக் கூறப்படவில்லை. அவள் தானோ, இறைவனோ? அவ்வெற்றிடமே பாடலின் உயிர். திருக்கோவையாரில் மாணிக்கவாசகர் அகத்துறைகளின் வழியே இறைவனைப் பாடினார். இங்கு மனிதக் காதல், இறைவன் பெயர் சொல்லாமலே, வழிபாட்டின் மொழியைப் பெறுகிறது. மெல்லத் தொடங்கி உச்சக்குரலில் எழும் இசையும் அவ்வேண்டுதலுக்கே துணைநிற்கிறது.

மாணவர் விரும்பிக் கேட்கும் பாடலென இதனை ஒதுக்காது, பாலைத்திணை கற்பிக்கும் ஆசிரியர் ஒப்புநோக்கிக் காட்டலாம். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவில் பல இனத்தார் ஒருங்கே உழைக்கின்றனர். ஆலைவாயில் சமயம் கேட்பதில்லை, மணவாயில் கேட்கிறது. கேட்கும் வரையில் இப்பாடலின் வேண்டுதல் பழமையாகாது.