மாக்சிம்கள் (லா ரோஷ்ஃபூக்கோ)

மாக்சிம்கள் (1665) பிரெஞ்சுப் பிரபுவான பிரான்சுவா தெ லா ரோஷ்ஃபூக்கோ (1613–1680) எழுதிய குறுஞ்சிந்தனைகளின் தொகுப்பு. மனிதர் தம்மிடம் இருப்பதாக நம்பும் நற்குணங்களின் அடியில் என்ன இருக்கிறது என்பதை ஓரிரு வரிகளில் ஆராயும் நூல். இதைப் ‘பொன்மொழிகள்’ என்றோ ‘நீதிமொழிகள்’ என்றோ தமிழில் சொன்னால் பொருள் தடம் மாறிவிடும். நீதிநூல்கள் எப்படி வாழவேண்டும் என்று சொல்பவை. இந்நூலில் அறிவுரை மிக அரிது. வாழ்ந்து முடித்த ஒருவர் தன்னையும் தன் கூட்டத்தாரையும் திரும்பிப் பார்த்து எழுதிய கணக்கு இது.

பின்னணி

லா ரோஷ்ஃபூக்கோ 1613 செப்டம்பர் 15 அன்று பாரிஸில் பிறந்தார். 1650ல் தந்தை இறக்கும்வரை மார்சியாக் இளவரசர் என்று அழைக்கப்பட்டார். இளமையில் முதலமைச்சர் ரிஷெலியூவுக்கு எதிரான சதிகளில் ஈடுபட்டு 1637ல் பஸ்தீல் சிறையில் எட்டு நாள் இருந்தார். பின்னர் தன் ஊரான வேர்த்தேயில் ஒதுங்கியிருக்க வேண்டியதாயிற்று. 1648 முதல் 1653 வரை நடந்த ஃப்ரோந்து கலகத்தில் அரசவைக்கு எதிரான பிரபுக்களுடன் சேர்ந்தார். 1652 ஜூலை 2 அன்று பாரிஸின் செயின்ட் ஆன்டனி புறநகரில் நடந்த சண்டையில் முகத்தில் குண்டு பாய்ந்து, இரு கண்களும் பறிபோகும் நிலைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 38. அவருடைய அரசியல் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

நூலைப் புரிந்துகொள்ள இந்தக் கலகம் முக்கியமானது. அதில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் நாட்டின் நன்மை, மன்னரின் நன்மை, குலத்தின் மானம் என்றே பேசினர். உள்ளே இருந்தவை பதவி ஆசை, பழைய பகை, அரண்மனையில் யார் எங்கே அமர்வது என்ற போட்டி, காதல். லா ரோஷ்ஃபூக்கோவும் விதிவிலக்கல்ல. லாங்வில் சீமாட்டியுடனான உறவு அவரது அரசியலோடு பின்னிக் கிடந்தது. வீரம் பற்றியும் நட்பு பற்றியும் அவர் சொல்லும் கசப்பான வரிகள் போர்முனையிலும் கூட்டணிப் பேரங்களிலும் கிடைத்தவை, ஏட்டுப்படிப்பில் வந்தவை அல்ல.

எழுத்தும் வெளியீடும்

இச்சிந்தனைகள் தனி அறையில் பிறக்கவில்லை. மதாம் தெ சாப்லேயின் இல்லத்தில் கூடிய நண்பர்கள் இத்தகைய வரிகளை ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பித் திருத்திக்கொண்டனர். அறிஞர் ஷாக் எஸ்ப்ரி அவர்களில் முக்கியமானவர். மனிதன் தன் பலத்தால் நல்லவனாக முடியாது என்று சொன்ன ஷான்சனிய கிறிஸ்தவச் சிந்தனையின் தாக்கம் அந்த வட்டத்தில் இருந்தது. 1664ல் ஹாலந்தில் ஆசிரியரின் அனுமதியின்றி ஒரு பதிப்பு வந்தது. மறு ஆண்டு பாரிஸில் க்ளோத் பார்பென் முறையான பதிப்பை வெளியிட்டார். அதன் முகப்புப் படத்தில் ஒரு குழந்தை ரோமானியத் தத்துவஞானி செனக்காவின் சிலையிலிருந்து முகமூடியை உருவிக்கொண்டிருக்கும். அக்குழந்தையின் பெயர் உண்மையின் மீதான காதல். அமைதியே வடிவான ஞானி என்ற பழைய இலட்சியத்தின் மீதுதான் முதல் அடி.

கையெழுத்துப் படியை வாசித்த மதாம் தெ லாஃபயெத், இப்படியெல்லாம் கற்பனை செய்ய ஒருவர் மனத்தில் எவ்வளவு சீர்கேடு இருக்கவேண்டும் என்று அதிர்ந்து எழுதினார். பின்னாளில் அவரே லா ரோஷ்ஃபூக்கோவின் மிக நெருங்கிய தோழியானார்.

திருத்தங்கள்

ஆசிரியர் வாழ்நாளில் ஐந்து பதிப்புகள் வந்தன. 1678ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 504 சிந்தனைகள் உள்ளன. இந்தப் பதிப்புகளை ஒப்பிட்டு வாசிப்பதே நூலை வாசிக்கும் சிறந்த வழி. முதல் பதிப்பு தன்மோகம் பற்றிய ஒரு நீண்ட சித்திரத்துடன் தொடங்கியது. ‘அமூர்-ப்ரொப்ர்’ என்ற பிரெஞ்சுச் சொல் குறிக்கும் அந்தத் தன்மோகமே எல்லாச் செயல்களுக்கும் அடியில் ஓடும் ஊற்று என்று அது காட்டியது. நூலின் மிக விரிவான பகுதி அதுவே, உரைநடையின் உச்சமும் அதுவே. 1666ல் அதை அவர் நீக்கிவிட்டார். பல வரிகளில் ‘பெரும்பாலும்’, ‘பல சமயம்’, ‘அநேகமாக’ போன்ற சொற்கள் நுழைந்தன.

சீமாட்டிகளின் மனம் நோகாதிருக்கச் செய்த சமரசம் என்று இதைக் கொள்ள இடமுண்டு. ஆனால் இலக்கிய நோக்கில் நூல் கூர்மை பெற்றது இத்திருத்தங்களால்தான். எல்லா அறமும் வேடம் என்ற வாக்கியத்தைப் பொய்யாக்க உலகில் ஒரே ஒரு நல்ல மனிதர் போதும். பெரும்பாலான அறங்கள் வேடம் என்ற வாக்கியம் அப்படிப் பொய்க்காது. தன் செயல் அந்தப் பெரும்பாலானவற்றில் ஒன்றா, எஞ்சிய சிலவற்றில் ஒன்றா என்ற கேள்வியை அது வாசகரிடம் விட்டுச்செல்கிறது.

இந்நூல் மீது வைக்கப்படக்கூடிய வலுவான மறுப்பும் இங்கேதான் இருக்கிறது. நோயுற்ற குழந்தையின் அருகில் கண்விழிக்கும் தாயின் செயலையும் தன்மோகம் என்று விளக்கிவிட முடியும். கடன் கொடுத்துப் பத்தாண்டு சொல்லிக்காட்டுபவரும், கொடுத்ததையே மறந்துவிடுபவரும் ஒரே தன்மோகத்தின் இரு வடிவங்கள் என்றால் அச்சொல்லால் பயனில்லை. எல்லாவற்றையும் விளக்கும் சாவி எந்த அறையையும் திறப்பதில்லை. பலவீனமான வரிகளில் லா ரோஷ்ஃபூக்கோ இந்தக் குழியில் விழுகிறார். நன்றியுணர்வு பற்றிய சில வரிகள் அத்தகையவை. சிறந்த வரிகளில் அவர் அளவுகோல் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார். எல்லோர் முன்பும் செய்யக்கூடியதை யாரும் பாராத இடத்தில் செய்வதே முழுமையான வீரம் என்று ஓரிடத்தில் வரையறுக்கிறார். அசலைப் பற்றிய கருத்து இல்லாதவர் போலியை இவ்வளவு நுட்பமாகப் பிரிக்க முடியாது.

தன்னை அறிதல்

1659ல் வெளியான தன் சொற்சித்திரத்தில் லா ரோஷ்ஃபூக்கோ, தன்னை நன்கு அறியும் அளவுக்குத் தன்னை ஆராய்ந்திருப்பதாகச் சொல்கிறார். இரக்கம் தனக்குக் குறைவு, அதுவும் இல்லாதிருப்பதே விருப்பம் என்கிறார். துயருற்றவருக்கு எல்லா உதவியும் செய்யத் தயங்கமாட்டார், மனம் மட்டும் இளகலாகாது. ஆறு ஆண்டுக்குப் பின் வந்த மாக்சிம்கள் இந்தத் தன்னம்பிக்கையையே உடைக்கிறது. மனிதர் பிறரை ஏமாற்றுவதைவிடத் தன்னையே அதிகம் ஏமாற்றிக்கொள்கிறார், தன் குறைகளை ஒப்புக்கொள்வதும் புகழ் தேடும் வழியாகலாம் என்கிறது.

1672 ஜூனில் பிரெஞ்சுப் படை ரைன் ஆற்றைக் கடந்தபோது அவருடைய மகன்களில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமுற்றார். அதே நாளில் இறந்த இளம் லாங்வில் பிரபுவும் அவர் மகனே என்பது அன்று பலர் அறிந்திருந்த இரகசியம். செய்தி வந்த வேளையில் உடனிருந்த மதாம் தெ செவின்யே, அவருடைய நெஞ்சைத் திறந்தபடி கண்டதாகவும், துணிவிலும் கனிவிலும் தான் கண்டவர்களில் முதல் வரிசையில் அவரை வைப்பதாகவும் மகளுக்கு எழுதினார். மனம் இளகலாகாது என்று எழுதியவரைத் தோழி வேறொருவராகக் கண்டாள். தன்னை அறிந்ததாகச் சொன்ன சொற்சித்திரம் தவறியது. தன்னை அறிவது கடினம் என்ற நூல் தவறவில்லை. ஆனால் மறைந்து கிடப்பது எப்போதும் தீமைதான் என்ற அதன் சாய்வை இக்கடிதம் அசைத்துப் பார்க்கிறது. நற்குணமும் தன் உடைமையாளருக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கலாம் என்பதை நூல் போதிய அளவு யோசிக்கவில்லை.

இலக்கிய இடம்

பிரெஞ்சு மக்களின் ரசனையை உருவாக்கிய நூல்களில் ஒன்று என்று வால்தேர் இதை மதித்தார். ரூசோ இதைத் துயரமான நூல் என்றார். நீட்சே தன் ‘மனிதம், மிக மனிதம்’ (1878) நூலில் உளவியல் நோக்கின் முன்னோடியாக இவரைக் கொண்டார். ஆனால் இந்நூலின் நகைச்சுவை போதிய அளவு பேசப்படவில்லை. 1666 பதிப்பில் பதிப்பாளர் பெயரில் வந்த முன்னுரை, இவற்றில் எதுவும் தன்னைக் குறிப்பதில்லை, தான் ஒருவர் மட்டும் விலக்கு என்று வாசகர் எண்ணிக்கொள்வது நல்லது என யோசனை சொல்கிறது. அப்படிச் செய்தால் இவை அனைத்தையும் முதலில் ஆமோதிப்பவர் அவராகவே இருப்பாராம்.

நெருங்கிய நண்பரின் துன்பத்திலும் நமக்கு முற்றிலும் பிடிக்காததல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்ற கருத்துடைய வரியையும் முதல் பதிப்புக்குப் பின் அவர் நீக்கினார். அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் அதை எடுத்துக்கொண்டு, தன் மரணச் செய்தி கேட்டு நண்பர்கள் என்ன செய்வார்கள் என்று 1731ல் ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதில் தோழிகள் சீட்டாட்டத்தை நிறுத்தாமலேயே அவருக்காக வருந்துகிறார்கள்.