ஜீவாவும் ஜீனோவும்

2025 மார்ச் மாதத்தில் ஒரு நாள் பூந்தமல்லி டிரங்க் ரோடில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே, புதிதாகக் கட்டி முடித்த பாலத்தின் மீது, மெட்ரோ ரயில் சோதனை ஓட்டமாகப் போயிற்று. ஓட்டுநர் இல்லாமலே ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ரயில் அது. கடையிலிருந்தவர்கள் எல்லோரும் டம்ளரும் கையுமாக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "இனிமே மனுசன் எதுக்கு சார்? மிசினே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது, நம்ம ஊருக்கும் வந்துவிட்டதே என்று.

எனக்கு அப்போது 'என் இனிய இயந்திரா' ஞாபகம் வந்தது.

சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. பின்னால் தூர்தர்ஷனில் நாடகத் தொடராக வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். எங்கள் தெருவில் டெலிவிஷன் இருந்த வீடுகள் சிலவே. அதில் ஒரு வீட்டுக் கூடத்தில், என் பாட்டியின் மடியோரமாக உட்கார்ந்து அதைப் பார்த்தேன். யந்திரங்கள் மனிதனை என்ன செய்துவிடும் என்ற கேள்வியைத் தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்த நாடகம் என்று அதைத்தான் சொல்வேன். நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. கல்லூரிப் படிப்பைக்கூட நடுவில் விட்டவன். கதை எழுதுகிறவன் என்ற உரிமையில்தான் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

கதை, நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் இந்த இருபதுகளில் நடக்கிறது. ஜீவா என்ற தலைவனின் ஆட்சி. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். மனிதனின் ஆயுளுக்கும் அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது. பெயர்கூட இரண்டெழுத்தோடு நின்றுவிட வேண்டும். நிலா என்ற பெண்ணுக்குப் பிள்ளை பெற அனுமதி கிடைக்கிறது. அந்த வேளையில் அவள் கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் வீட்டுக்குக் குடிவந்த ரவியோடு ஜீனோ என்கிற யந்திர நாயும் வருகிறது. ரவியும் அவன் தோழன் மனோவும் ஜீவாவைக் கொல்லச் சதி செய்கிறார்கள், நிலாவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் தெரிகிறது, ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை. ஒளியால் எழுப்பிய வெறும் பிம்பம்.

பையனாக இருந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சி. பாட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. "அதனாலென்ன? இந்தப் பொட்டிக்குள்ள வர்றவங்க எல்லாருமே அப்படித்தானே?" என்றாள். அன்றைக்கு அதை அறியாமை என்று எண்ணிச் சிரித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து யோசித்தால், அந்த நாடகத்தைப் பற்றி அதைவிடக் கூர்மையாக நானும் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

யந்திரங்களைப் பற்றிய கதைகளில் மேல்நாட்டாருக்கு ஒரு பழைய பயம் உண்டு. காரல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில்தான் 'ரோபோ' என்ற சொல் பிறந்தது. செக் மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. அந்த நாடகத்தில் வேலைக்காரர்களாகச் செய்யப்பட்ட ரோபோக்கள் எஜமானர்களை அழித்துவிடுகிறார்கள். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில், விண்கலத்தை நடத்தும் ஹால் என்ற கம்ப்யூட்டர் தன்னோடு வந்த மனிதர்களையே கொல்கிறது. வேலைக்காரன் ஒருநாள் எழுந்து கழுத்தைப் பிடிப்பான் என்ற பயம் அது. ஊழியம் வாங்கியவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். ஊழியம் செய்தவனின் பேரனுக்கு அது அவ்வளவு சுலபமாக வராது.

சுஜாதாவின் கதையில் யந்திரம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று ஜீனோ. அது யோசிக்கிறது, புத்தகம் படிக்கிறது, கேலி பேசுகிறது, நிலாவுக்கு விசுவாசமாக இருக்கிறது. மற்றொன்று ஜீவா. அதற்கு யோசனை இல்லை. முகம் மட்டும் உண்டு. யோசிக்கிற யந்திரத்தால் கதையில் யாருக்கும் கெடுதி வரவில்லை. யோசிக்காத முகத்தின் கீழேதான் ஒரு நாடே நடுங்குகிறது. அந்த முகத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர் சுஜாதா. யந்திரத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர், பயத்தை யந்திரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். இதுவே அந்தக் கதையின் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் உண்டு. அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. ஜீவா பிம்பம் என்று தெரிவதோடு கதை முடியவில்லை. ரவியும் மனோவும் நிலாவை ராணியாக்கி, அவள் பின்னால் தாங்கள் இருந்துகொள்கிறார்கள். 'மீண்டும் ஜீனோ' அங்கிருந்து தொடங்குகிறது. ஒரு முகம் போனால் இன்னொரு முகம். ஒளியால் செய்த பொம்மைக்குப் பதில் ரத்தமும் சதையுமான பொம்மை. பொய்யை அம்பலப்படுத்திவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று நம்புகிற சராசரிக் கதை இல்லை இது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாசகன் மனத்துக்குள் தானே கட்டிக்கொள்கிற எதிர்காலத்தை ஓர் அரங்கத்துக்குள் கட்டிக்காட்ட, அந்நாளைய தொலைக்காட்சிக்கு வசதி போதாது. அதை மன்னித்துவிடலாம். நிலாவை மன்னிப்பதுதான் கஷ்டம். எல்லோரும் அவளுக்கு விளக்கம் சொல்கிறார்கள், நாய் உட்பட. அவள் அழுகிறாள், நம்புகிறாள், ஏமாறுகிறாள். ஜீனோவுக்குக் கொடுத்த உயிரில் பாதியை ஆசிரியர் அவளுக்குக் கொடுத்திருக்கலாம். வாரா வாரம் ஒரு திடுக்கிடலில் கொண்டுபோய் நிறுத்தவேண்டிய கதைக்கு ஒரு பெண்ணின் மனத்தில் தங்கி நிற்க நேரமில்லைபோலும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் தகப்பனார்.

2024 ஜனவரியில், 2018இல் காலமான கருணாநிதி ஒரு புத்தக விழாத் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அடுத்த மாதமே, 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரல், அவர் பிறந்த நாளில் தொண்டர்களிடம் பேசிற்று. இரண்டும் செயற்கை நுண்ணறிவு கொண்டு அந்தந்தக் கட்சியாரே செய்வித்தவை. அப்படி என்று தெரிந்தே வெளியிடப்பட்டவை. பின்னால் அதுமாதிரி எத்தனையோ கைபேசிகளில் சுற்றின. என் தகப்பனாரின் தலைவர் யார் என்பது இங்கே வேண்டாம். அவருடைய தலைவரின் குரலும் ஒருநாள் அவர் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. பூந்தமல்லி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காதோடு வைத்து, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

நான் பக்கத்தில் போய், "அப்பா, அது நெஜம் இல்ல. யந்திரம் பேசறது" என்றேன்.

"எனக்குத் தெரியாதாப்பா?" என்றார். "அவரு சாவுக்கு லாரி ஏறிப் போனவன் நானு. செத்தவரு பேச மாட்டாருன்னு தெரியும். ஆனா குரல் அதேதானே?"

1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எலைசா என்றொரு சிறு கம்ப்யூட்டர் நிரலைச் செய்தார். எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், வேறொன்றும் தெரியாது. அது செய்யப்பட்டதை அருகிருந்து பார்த்த அவருடைய காரியதரிசியே, அதனோடு பேச உட்கார்ந்ததும், சற்று வெளியே போய் இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் அதைக் கண்டு கவலைப்பட்டார். பிறகு அந்தக் கவலையை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஏமாறுவதற்கு அறியாமை அவசியமில்லை. ஏக்கம் இருந்தால் போதும்.

எங்கள் ஊரில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. காஞ்சிபுரத்துப் பெருமாளுக்குப் பூ எடுத்துப்போய், விசிறி வீசி நின்று, அந்தப் பெருமாளோடு பேசியவர் என்று ஐதிகம். ராமானுஜருக்காகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிவந்தவரும் அவரே. உருவத்தோடு பேசுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பதில்களால் நம்பிக்கு ஒரு காணி நிலம்கூடச் சேரவில்லை. என் தகப்பனாரின் காதில் பேசிய குரலுக்குப் பின்னால் யாரோ ஒருவனுக்கு ஓட்டு வேண்டியிருந்தது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அன்று நான் வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துவந்து கொடுத்தேன். நாலு நாளில் படித்துவிட்டார்.

"நாய் நல்லாருக்கு" என்றார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "ஜீவா இல்லேன்னு ஆனதும், எவனாவது ஒருத்தன் வீட்டுல உக்காந்து அழுதிருப்பான் இல்ல? அவனப் பத்தி ஒண்ணும் எழுதலியே?"

அதுதான் குறை. கதையில் ஜீவாவின் ஜனங்கள் கூட்டமாக வருகிறார்கள், கோஷம் போடுகிறார்கள், பயப்படுகிறார்கள். அவர்களில் ஒருவன் வீட்டுக்குள் நுழைந்து, அவன் ஏன் அந்த முகத்தை நேசித்தான் என்று சுஜாதா கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு முகம் போனவுடன் ஜனங்கள் இன்னொரு முகத்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் விளங்கியிருக்கும். ஏக்கம் காலியாகவே இருந்தது. யாரைக் கொண்டுவந்து வைத்தாலும் உட்கார்ந்துகொள்வார்கள்.

சுஜாதா 2008இல் காலமாகிவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து யாராவது எழுதத்தான் வேண்டும். ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏற எனக்குப் பயமில்லை. என் தகப்பனாரையும் ஒருநாள் ஏற்றிக் கூட்டிப்போகத்தான் போகிறேன். அவர் கைபேசியில் அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. அழித்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.