இராயவாசகமு காட்டும் ஒற்றாடல்

முன்னுரை

வலிமை குன்றிய அரசு, படையால் மீட்க இயலாத பெருமையை ஒற்றால் மீட்க விழைவது ஏன் என்னும் வினாவிற்குத் தெலுங்கு உரைநடை நூலாகிய இராயவாசகமு விடை பகர்கிறது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோல்வியுற்ற விசயநகரப் பேரரசு பெனுகொண்டாவிற்கும், பின்னர் இரண்டாம் வேங்கடபதி (1586-1614) காலத்தில் சந்திரகிரிக்கும் தலைநகரை மாற்றியது. சந்திரகிரி 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும், அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும்.

நூலும் காலமும்

கிருஷ்ணதேவராயரின் (1509-1529) ஆட்சியைக் கூறும் இந்நூல், விசுவநாத நாயக்கருக்கு அவர்தம் தானாபதி விடுத்த செய்தியாக அமைந்துள்ளது. ஆதலின் சமகாலச் சான்றாக இது கொள்ளப்பட்டது. ஆனால் 1993இல் வெளிவந்த ஆய்வில் பிலிப் வாகனர், இது 1600ஐ ஒட்டி மதுரை நாயக்கர் அவையில் தோன்றியது எனக் காட்டினார். அதாவது, சந்திரகிரியில் அரவீடு மரபினர் எஞ்சிய ஆட்சியைக் காத்துவந்த காலத்தில் பழம்பெருமை இங்ஙனம் எழுதப்பட்டது.

பகைவர் வாய்ப் புகழ்

நூலின் ஒரு பகுதி, பீசப்பூர், கோல்கொண்டா, அகமதுநகர் அவைகளிலிருந்து ஒற்றர் கொணரும் செய்திகளாகும். பகையவைகள் இராயரைப் பொருட்படுத்துகின்றன என்பதே அவற்றின் உட்பொருள். புலவன் பாடும் புகழைவிடப் பகைவன் தனிமையில் ஒப்பும் புகழ் நம்பத்தக்கது. அதனைக் கேட்க ஒற்றன் ஒருவனே வழி. இங்கு ஒற்றன் பெருமைக்குச் சான்றாளன் ஆகிறான். மேலும், போர்க்களத்தில் தோற்றவர்க்கும் 'பகைவரை யாம் அறிவோம்' என்னும் மேன்மை எஞ்சுகிறது.

குறளொடு ஒப்பீடு

வள்ளுவர் ஒற்றாடலை (அதி. 59) மறைபொருளாகவே வைத்தார், ஒற்றனைப் பிறரறியச் சிறப்பித்தல் மறையை வெளிப்படுத்துவதாகும் என்பது அவர் கருத்து. ஆகவே ஒற்றால் வினை முடிக்கலாம். வெளிப்படையாகப் பெருமை ஈட்டல் அரிது. இம்முரணை இராயவாசகமு, காலத்தால் பின்சென்று கடக்கிறது: வினை முடிந்தபின் மறை காக்க வேண்டுவதில்லை. பரிமேலழகர் வைப்புமுறையில் ஒற்றாடலை அடுத்து ஊக்கமுடைமை வருதல் நோக்கத்தக்கது. அறிந்ததைச் செயலாக்கும் ஊக்கமின்றேல் ஒற்றால் பயனில்லை.

முடிவுரை

1646இல் சந்திரகிரி கோல்கொண்டாவின் வசமாயிற்று. இராயவாசகமுவைக் கிருஷ்ணதேவராயரின் ஒற்றுமுறைக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இழந்த பெருமையை ஒற்றன் வாயிலாக மீட்க விழைந்த பிற்காலத்தாரின் மனநிலைக்கே அது சான்றாகும் எனலாம்.