மலத்தை மறந்த வழிபாடு

கிறித்தவ சமயத்தின் உட்பொருளை ஞானக்கண்ணாற் கண்டோமென்பார் அதன் நாள்வழிபாட்டிற்கு எழுதிய விளக்கங்களுள், சார்லஸ் லெட்பீட்டர் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'திருச்சடங்குகளின் விஞ்ஞானம்' எனப் பொருள்படும் ஆங்கில நூல் மிக விரிந்தது. ஆசிரியர் ஆங்கிலத் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்றவர். 1883-இல் பிரமஞான சபையைச் சார்ந்து, பின் அடையாற்றிற் பல்லாண்டு வாழ்ந்தவர். 1916-இல் சிட்னி நகரில் வெட்ஜ்வுட் என்பாரால் மேற்றிராணியாராக அபிடேகம் பெற்றவர். அவ்விருவர் தலைமையில் வளர்ந்த கூட்டம் லிபரல் கத்தோலிக்க சபை எனப்படும். உரோமச் சடங்குமுறையை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வாதன களைந்து, காலைச் செபம், மாலைச் செபம், இராச்செபம், தேவநற்கருணைப் பூசை ஆகியவற்றை அச்சபையார் புதுக்கியமைத்தனர். பூசையின் ஒவ்வோர் உறுப்பிற்கும் கண்ணுக்குத் தோன்றாப் பயன் இன்னதெனக் கூறப் புகுந்ததே இந்நூல்.

ஆசிரியர் கூற்றின்படி, குருவும் கூட்டத்தாரும் மந்திரங்களை ஓதுங்கால், அவர்தம் எண்ணங்களால் நுண்ணுலகில் ஒரு மண்டபம் எழுகின்றது. தீர்த்தந் தெளிக்கும்போது அது குமிழிபோல் விரியும். பின் தளமும் தூணும் குவிமாடமும் அமையும். தேவதூதர் அதனைக் கட்டி முடிப்பர். மேலிருந்து இழியும் ஆற்றல் அதனுள் நிரம்பி ஊரெங்கும் பரவும். இவற்றைப் படம் வரைந்தும் காட்டுகின்றார். மின்சாரத்தை உவமையாக்காத பகுதி நூலில் அரிது.

கண்டதாக அவர் கூறும் காட்சியை மறுத்தல் இவண் நோக்கமன்று. பிறர் காணவியலாததனை மறுப்பினும் உடன்படினும் அளவை ஒன்றே. அது இல்லை என்பதே. அக்காட்சி வழிபாட்டினை யாதாக ஆக்குகின்றது என்பதே வினா. மின்விசை கம்பி வழியே ஓடும். வேண்டுவார் யார், அவர் நெஞ்சம் எத்தகையது என அது நோக்காது. அருளோ அறிவுடைப் பொருள். இறைவனது சிற்சத்தி உயிரின் பக்குவம் நோக்கிப் பதிவதென்பது சித்தாந்தத் துணிபு. அது தேக்கி வைத்துப் பங்கிடற்பாலதன்று. ஆசிரியர் நுண்ணியதென எண்ணியது சடத்தின் நுண்மையேயாம். நாதமும் விந்துவுங்கூடச் சுத்தமாயையின் காரியமென ஆகமம் ஓதுதலை உணர்ந்தார்க்கு, நுண்ணியதெல்லாம் சிவமாகாதென்பது எளிதின் விளங்கும்.

இம்மயக்கம் மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று. திருக்கோயிற் கருவறையை மின்கலமென்றும், மணியோசையை உடல்நல அலையென்றும் கூறி, அதனால் சைவத்திற்கு ஏற்றந் தேடுவார் நம்மவருள்ளும் உளர். அவர் இந்நூலை ஒருமுறை கற்றல் நன்று. தம் நெறி எங்குக் கொண்டுபோய் விடுமென்பதனை அது முந்நூறு பக்கத்திற்கு மேலாகவே காட்டும்.

நூலின் பெருங்குறை வேறொன்று. பழைய முறையில் அடியார் தம்மைப் பாவியென்று முறையிடும் இடங்களை லெட்பீட்டர் பெரிதும் வெறுத்தார். அச்சமும் இரத்தலும் மனிதனுட் பொதிந்த தெய்வத்தன்மைக்கு இழிவென்பது அவர் கருத்து. ஆதலின் பாவ அறிக்கை, மனிதன் தன் பெருமையை மறந்து வழிதவறுகிறான் என்னும் அளவிற்குத் திருத்தப்பட்டது. சங்கீதங்களிற் சாபமும் சினமும் பயிலும் அடிகள் விலக்கப்பட்டன. நித்திய நரகத்தைக் காட்டி அச்சுறுத்தும் போதனைக்கு மாறாக எழுந்த செயலாகலின், இதனிடத்து நியாயம் சிறிதுமில்லை என்னலாகாது. ஆயினும் நோயை மறந்தமை நோய் நீங்கினமை ஆகாது. செம்பிற் களிம்பு போல அநாதியே உயிரைப் பற்றிய ஆணவம், மறதியென்னும் பெயர் பெற்றதனாற் கழலுமோ? மணிவாசகப் பெருமான் தம்மைக் கடையரெனக் கூறி அழுதது தம் பெருமை அறியாமையாலன்று.

கிறித்தவருள் மறைநெறி நின்றார் அனைவரும் இவ்வழி சென்றாரல்லர். ஆதோஸ் மலைத் துறவிகள் இயேசுவின் நாமத்தை மூச்சொடு பொருத்தி இடையறாது செபிப்பர். அச்செபம் தம்மைப் பாவியென்று கூறி இரக்கம் வேண்டுதலில் முடியும். பதினான்காம் நூற்றாண்டில் பர்லாம் அவர்களை எள்ளியபோது, கிரேகோரி பலாமாஸ் எழுந்து, இறைவன் இயல்பு அறிவரிதாயினும் அவன் ஆற்றல் படைக்கப்படாதது, அவனின் வேறல்லாதது என நிலைநாட்டினார். 1351-ஆம் ஆண்டு கான்ஸ்தாந்திநோபிளிற் கூடிய சங்கம் அதனை ஏற்றது. சிவமும் சத்தியும் பற்றிய நம் கொள்கையோடு இதனை முற்றும் ஒன்றென்னல் பொருந்தாது; எனினும் அருளைச் சடமாக்காமல் மறைபொருள் பேசிய திறம் போற்றற்குரியது.

இனி, சைவரது நாள்வழிபாட்டின் உயிராகிய திருவைந்தெழுத்தையே நோக்குக. நகரம் திரோதமும், மகரம் மலமும், யகரம் உயிரும் ஆம். சிவனும் அருளும் முன்னிற்க 'சிவாயநம' என ஓதுங்காலும் மலத்தைக் குறிக்கும் எழுத்து விடப்படுவதில்லை. அவ்விரண்டெழுத்தும் நீங்கிய 'சிவாயசிவ' என்பது பக்குவமுடையார்க்கு ஆசிரியன் உணர்த்துவது. அப்பக்குவர்க்குரிய மொழியை, வாயில் திறந்து வருவார் எல்லார் நாவிலும் முதல்நாளே வைத்ததுதான் லெட்பீட்டர் செய்த திருத்தம்.

கூட்டத்தார் பொருளுணராது வாளா நிற்றலைக் கண்டித்து, ஒவ்வொருவரும் கருத்தூன்றி உடன் ஓதுதல் வேண்டுமென அவர் வற்புறுத்தும் பகுதிகள் மெய்யாகவே பயனுடையன. அருச்சனை நடக்கையில் உலகியல் பேசி நிற்கும் நம் கோயிற் கூட்டத்தார்க்கு அவற்றை மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் தகும்.