தொகுத்தவரின் தொண்டு

நூலைப் படைத்தவரைப் போற்றும் உலகம், தேடித் தொகுத்தவரை எளிதில் மறந்துவிடுகிறது. எட்டுத்தொகையைத் தொகுத்தோரும் தொகுப்பித்தோரும் இல்லையேல், சங்கப் புலவர் பலரின் பாடல்கள் நம்மை வந்தடைந்திரா. இதனை நன்குணர்ந்த தமிழர், அறிவியல் புனைகதை என்னும் இளைய இலக்கிய வகைக்கு அத்தகைய தொண்டாற்றிய மராத்தி அறிஞர் ஒருவரை அறிந்துகொள்வது பொருத்தமாகும். அவர் பால் போண்ட்கே.

1939இல் பிறந்த போண்ட்கே, உயிரியற்பியல் ஆய்வாளர். நம் செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியவர். பின்னர் 'சயன்ஸ் டுடே' இதழின் ஆசிரியராகவும், அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் வெளியீட்டுத் துறை இயக்குநராகவும் விளங்கினார். மராத்தியில் தாமும் கதைகள் எழுதினார். எனினும், 1993இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'இட் ஹாப்பண்ட் டுமாரோ' என்னும் ஆங்கிலத் தொகுப்பே அவரது தலையாய பணி என்பது என் கருத்து. மராத்தியின் நார்லீகரும் தமிழின் சுஜாதாவும் அந்நூலில் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றனர். ஒரு மொழியார் எழுதியதை மற்றொரு மொழியார் அறியாதிருந்த நிலையில், இது சிறு செயலன்று.

தொகுப்பு ஏன் இன்றியமையாதது? 1896இல் வங்காளத்தில் கூந்தல் தைல நிறுவனம் ஒன்று கதைப் போட்டி நடத்தியது. விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், ஒரு புட்டித் தைலத்தால் கடற்புயல் அடங்குவதாகக் கதை எழுதிப் பரிசு பெற்றார். 1921இல் அவரே அதை விரித்தெழுதித் தம் நூலில் சேர்த்தார். மும்பையிலும் அவ்வாறே. 1966இல் தோன்றிய மராத்தி விஞ்ஞான பரிஷத்தின் போட்டியில், 1974இல் பரிசு பெற்றவர் 'நாராயண் விநாயக் ஜக்தாப்'. தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி அப்பெயரில் ஒளிந்திருந்தவர் வானியல் அறிஞர் ஜயந்த் விஷ்ணு நார்லீகரே! போட்டி கதையைப் பிறப்பிக்கிறது. நூல்தான் அதற்கு ஆயுள் தருகிறது.

போண்ட்கேயின் பணியில் குறை இல்லையா எனின், உண்டு. அவர் தொகுத்தவை பெரும்பாலும் சமகாலக் கதைகள். வேர்கள் முன்னுரையோடு நின்றுவிட்டன. பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளிவந்தது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கில மாதர் இதழில். சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்கொள்ளும் பெண்கள் நாட்டை அன்றே கண்ட கதை அது. அத்தகைய முன்னோடிகளையும் ஒருசேரத் தந்திருப்பின் நூலின் பயன் இருமடங்காகியிருக்கும். மேலும், பல மொழிகளின் நடைவேறுபாடு ஆங்கிலத்தில் மங்கிவிடுகிறது. சுஜாதாவின் துள்ளலைத் தமிழில் சுவைத்தவர் இதை உடனே உணர்வர்.

ஆயினும், குறை கூறுவதற்கேனும் அவர்கள் கையில் ஒரு நூல் இருக்கிறது. சுஜாதாவைப் போற்றும் நாம், அவருக்கு முன் நம் இதழ்களில் அறிவியற் கற்பனை எவ்வாறு அரும்பியது என்று கேட்டால் விடை கூறத் தயங்குகிறோம். பழைய இதழ்களின் தாள், தொட்டால் நொறுங்கும் நிலையில் உள்ளது. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் தம் வீட்டுப் பரணில் பழைய கட்டுகளை வைத்திருக்கும் அன்பர்கள், அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. தமிழுக்கும் ஒரு போண்ட்கே வரும்போது, தொகுப்பதற்குக் கதைகள் எஞ்சியிருக்க வேண்டும்.