நாட்டுக்கு ஓர் இடம்

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் முதல் ஹீட்டில் முதலாவதாகச் சுவரைத் தொட்டவர் பெங்களூரைச் சேர்ந்த தினிதி தேசிங்கு. வயது 14. நேரம் 2 நிமிடம் 06.96 விநாடி. எங்கள் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் செய்தியைப் படித்தவர்கள் பலரும் அந்த 'முதலாவது' என்ற சொல்லோடு நின்றுவிட்டார்கள். எல்லா ஹீட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் அவர் 23ஆம் இடம். அரையிறுதிக்குப் போகிறவர்கள் 16 பேர்தான். பதிவான நேரத்தை வைத்தே ஹீட்டுகளைப் பிரிக்கிறார்கள். வேகம் குறைந்தவர்கள் முதல் ஹீட்டில் நீந்தி முடித்த பிறகே பெரிய பெயர்கள் தண்ணீரில் இறங்கும். மறுநாள் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் மோலி ஓ'காலஹன் 1:53.27இல் தங்கம் வென்றார். இருவருக்கும் இடையே 13 விநாடிக்கு மேல். 200 மீட்டரில் இது ஏறக்குறைய அரை நீளக் குளம்.

தினிதியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவரைப் பாரிஸுக்கு அழைத்துப்போன ஏற்பாட்டைத்தான் எடைபோட வேண்டும். அந்தப் போட்டிக்கான நேரடித் தகுதி நேரம் 1:57.26. அதைவிடச் சற்றே தளர்ந்த இரண்டாவது அளவு 1:57.84. இந்தியப் பெண்கள் யாரும் அதன் அருகில் இல்லை. ஆண்களிலோ பெண்களிலோ தகுதி நேரம் எட்டியவர் ஒருவரும் இல்லாத நாடு அந்தப் பிரிவில் ஒருவரை அனுப்பலாம் என்கிறது யுனிவர்சாலிட்டி கோட்டா. யாரை அனுப்புவது என்பதை உலக நீச்சல் சம்மேளனத்தின் புள்ளிக் கணக்கு முடிவுசெய்யும். எல்லா வகைப் போட்டிகளின் நேரங்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் கணக்கு அது. இந்தியாவிலிருந்து அப்படிப் போனவர்கள் தினிதியும் ஸ்ரீஹரி நடராஜும்.

இந்த ஏற்பாட்டின் நியாயம் சிறியதல்ல. ஐம்பது மீட்டர் குளமே இல்லாத தீவு நாடுகள் இருக்கின்றன. தகுதி நேரம் ஒன்றையே பார்த்தால் ஒலிம்பிக் நீச்சல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சீனா, ஐரோப்பா என்று சுருங்கிவிடும். 2000 சிட்னியில் ஈக்வடோரியல் கினியின் எரிக் முசாம்பானி, கூட இருந்த இருவரும் தவறான தொடக்கத்தால் வெளியேற, தனியாக 100 மீட்டரை 1:52.72இல் நீந்தி முடித்ததை உலகம் பார்த்துச் சிரித்தது, பிறகு கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டல் எப்போதும் கொஞ்சம் உறுத்தும். அதில் மரியாதையைவிட இரக்கம் அதிகம். அதற்குப் பின் வந்த விதிகள் இந்தக் கேலிக்கூத்துக்கு இடம் தராமல் இறுகியிருக்கின்றன. புள்ளி வேண்டும், முன்பே உலகச் சாம்பியன்ஷிப்பில் நீந்திய அனுபவம் வேண்டும். நல்ல திருத்தம்.

இந்த வழியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் 50 மீட்டரிலோ 100 மீட்டரிலோதான் நீந்துவார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பின்தங்கினாலும் கண்ணில் அவ்வளவு படாது. 200 மீட்டர் அப்படி மறைத்துக்கொள்ள விடாது. முதல் நூறை வேகமாகப் போய்விட்டால் மூன்றாவது ஐம்பதில் தோளும் தொடையும் கனக்கத் தொடங்கும், கடைசி ஐம்பதில் கை தண்ணீரைப் பிடிக்காது. வேகத்தைப் பங்கிட்டுச் செலவழிக்கும் கணக்கு பயிற்சியில் மட்டும் வராது. பக்கத்து லேனில் தன்னைவிட வேகமானவள் இழுத்துக்கொண்டு போனால்தான் வரும். கோட்டாவின் முதல் குறை இங்கேதான். பெரிய மேடைக்கு அழைத்துப்போகிறது, ஆனால் முதல் ஹீட்டில் விடுகிறது. தினிதி பாரிஸில் நீந்திய நேரம், அதற்கு முன்பே அவர் கையில் இருந்த தேசியச் சாதனையைவிட இரண்டு விநாடிக்கும் அதிகமாக மெதுவானது. பதினான்கு வயதின் பதற்றத்தை இதில் கழித்துக்கொள்ள வேண்டும்தான். ஆனாலும் துரத்துவதற்கு ஆள் இல்லாத ஹீட் அவருக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

2016 ரியோவில் இதே 200 மீட்டரில் ஷிவானி கட்டாரியா 2:09.30இல் நீந்தி 41ஆம் இடம் பெற்றார். 41இலிருந்து 23க்கு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. பாரிஸில் அந்தப் போட்டிக்கு வந்தவர்களே குறைவு. நேரத்தை மட்டும் பார்த்தால் எட்டு ஆண்டுகளில் இரண்டரை விநாடிகூட நகரவில்லை. வாசல் எப்படியும் திறக்கும் என்று தெரிந்த பிறகு அவசரம் எங்கிருந்து வரும்? இந்தச் சோம்பலைக் கோட்டா உண்டாக்கியது என்று சொல்லமாட்டேன். அதை வெளியே தெரியாமல் மூடிவைக்க உதவியது.

பெரிய குறை வேறு. கோட்டா நாட்டை ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது. சுமார் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் தீவு நாடான நவ்ருவும் 140 கோடி பேர் வாழும் இந்தியாவும் அதன் கண்ணில் ஒன்று. குளம் இல்லாதவர்களுக்காக வந்த இடம், இந்தியாவுக்குள் வந்ததும் குளம் இருக்கும் நகரத்துக்குப் போய்ச் சேர்கிறது. ரியோவுக்குப் போன ஷிவானி குருகிராம். டோக்கியோவுக்குப் போன மானா படேல் அகமதாபாத். பாரிஸுக்குப் போன தினிதி பெங்களூர். இடஒதுக்கீட்டு விவாதத்தில் கிரீமி லேயர் என்று நாம் சலிக்காமல் பேசுவது இதைத்தான்: ஒதுக்கீடு சரி, யாரை அலகாக எண்ணுகிறோம் என்பதில் கோளாறு.

பெங்களூர் எங்கள் தங்கவயலிலிருந்து நூறு கிலோமீட்டர். மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறி தினமும் வேலைக்குப் போய்வருகிற ஆயிரக்கணக்கானவர்களின் ஊர் எங்களுடையது. 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு வேறு வழி இருக்கவில்லை. நீச்சல் பயிற்சியோ விடியுமுன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ரயிலில் போய்வந்து செய்கிற காரியமல்ல. பெங்களூர் சதாசிவநகரில் கே.சி. ரெட்டி பெயரில் நீச்சல் மையம் இருக்கிறது. மாநிலத்தின் முதல் முதலமைச்சரான கே.சி. ரெட்டி எங்கள் பக்கத்துக் கியாசம்பள்ளிக்காரர். பெயர் போன இடத்துக்குப் பிள்ளைகள் போக முடியவில்லை. 1902இல் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்தின் மின்சாரம் பெங்களூருக்கு முன்பே இங்கே வந்தது, பூமிக்கடியில் தங்கம் இருந்ததால். வசதி ஓர் ஊரைத் தேடி வருவதற்கு என்ன காரணம் வேண்டும் என்பதை கோலார் தங்கவயலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அருகில் ஒரு குளம் இருந்தால் என்ன ஆகும்? நீச்சல் வீராங்கனை நிஷா மில்லெட் சென்னை ஷெனாய் நகர்க் குளத்தில் நீந்தக் கற்றவர். பிறகு பெங்களூருக்கு வந்து, 2000 சிட்னியில் இதே 200 மீட்டரில் இந்தியாவுக்காக நீந்தினார். நடக்கிற தூரத்தில் ஒரு பொதுக்குளம் இருந்தால் போதும் என்று அந்தக் கதையை வைத்துச் சொல்லலாமா? போதாது. பயிற்றுநர் வேண்டும், போட்டி வேண்டும், சாப்பாடு வேண்டும். ஆனால் குளம் இல்லாமல் இவற்றில் எதையும் தொடங்க முடியாது.

எனவே கோட்டாவை எடுத்துவிடச் சொல்கிறவர்களோடு நான் சேரவில்லை. தீவு நாடுகளின் பிள்ளைகளுக்கு அது இருக்கட்டும். இந்தியா போன்ற நாடுகளுக்கு ஒரு குறைந்தபட்ச நேரத்தை வைத்து, நாலாண்டுக்கு ஒரு முறை அதைக் கொஞ்சம் இறுக்கினால் தவறில்லை. உள்நாட்டில் தேர்வுப் போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் மாவட்டவாரியாக இடம் ஒதுக்குவது நம் கையில்தான் இருக்கிறது. அதற்கு உலக சம்மேளனத்தின் அனுமதி தேவையில்லை.

தினிதி 2025 தேசிய விளையாட்டுகளில் ஒன்பது தங்கம் வென்றார். 200 மீட்டரைப் பாரிஸில் நீந்தியதைவிட வேகமாக நீந்திப் புதிய தேசியச் சாதனையும் வைத்தார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் வரும்போது அவருக்கு வயது 18. அங்கே அவர் தகுதி நேரத்தை எட்டிப் போனால், விதி இப்படியே நீடித்தால், இந்தியப் பெண்களுக்கான கோட்டா இடம் தானாகவே மறைந்துவிடும். டோக்கியோவுக்குச் சாஜன் பிரகாஷும் ஸ்ரீஹரியும் நேரடித் தகுதி பெற்றபோது ஆண்கள் பக்கம் நடந்தது அதுதான். அப்போது அவருக்குப் பின்னால் நிற்கிற பெண் கடிகாரத்தை மட்டுமே எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணின் ஊரில் அதற்குள் ஒரு குளமாவது வந்திருக்க வேண்டும்.