மக்கள் படைத்த கண்ணகி

ஒரு கதைத் தலைவி நூலாசிரியன் கையை விட்டு எப்போது வெளியேறுகின்றாள்? நூல் அச்சேறிய நாளிலா, அன்றி அதனைக் கேட்டவன் தன் அண்டை வீட்டானுக்கு அதைச் சிறிது மாற்றிச் சொன்ன நாளிலா? இவ்வினா இன்று நம் இல்லங்களிலேயே எழுந்துவிட்டது. மேலைநாட்டு மாயக்கதைத் தொடர்களைப் படிக்கும் நம் பிள்ளைகள், அக்கதைத் தலைவியைத் தம் விருப்பம்போல் வரைகின்றனர். ஆசிரியர் சேர்த்துவைத்த இணையைப் பிரித்து வேறொருவனோடு சேர்க்கின்றனர். முடிந்த கதைக்கு மேலும் பத்து அதிகாரம் எழுதுகின்றனர். இது என்ன விபரீதம் என்று பெரியோர் முகம் சுளிக்கின்றனர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபின் மனம் ஆறாது, விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைத் தொடர்ச்சியாக எழுதியதையும், நம் தாய்மார் அதனை ஆவலோடு படித்ததையும் அவர்கள் மறந்தனர் போலும். அதனினும் பழைய சான்று ஒன்று நாம் வாழும் இவ்வெல்லை மலையிலேயே நிற்கின்றது. அவள் பெயர் கண்ணகி.

சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காண்டம் எங்கே தொடங்குகின்றது என்பதை நினைவுகூர்வோம். அரசவையிலன்று, மலைச்சாரலில். மதுரையை எரித்துவிட்டு மேற்கு நோக்கி நடந்துவந்த ஒருத்தி, ஒரு மார்பை இழந்தவளாய் வேங்கை மர நிழலில் நிற்கின்றாள். குன்றக் குறவர் அவளைக் காண்கின்றனர். பதினான்கு நாள் கழித்து வானூர்தியில் கணவனோடு அவள் விண்ணேகியதையும் கண்டோம் என்கின்றனர். அவள் ஊர் எது, கணவன் பெயர் யாது, வழக்கு என்ன என்பவற்றுள் எதையும் அவர்கள் முழுதறியார். அறியாமலே அவளைத் தெய்வமாக்கிக் குரவைக் கூத்தும் ஆடிவிடுகின்றனர். பேரியாற்றங்கரையில் செங்குட்டுவனைக் கண்டு அவர்கள் சொன்ன பிறகே, உடனிருந்த சாத்தனார் முன்கதையை விளக்குகின்றார். ஆக, காப்பியத்தின் கூற்றுப்படியே, கண்ணகியின் முதற் பற்றாளர் புலவருமல்லர், மன்னருமல்லர்; பாதிக் கதையை வைத்துக்கொண்டு மீதியைத் தம் நெஞ்சால் நிரப்பிக்கொண்ட மலைமக்களே.

அடுத்து வரும் நிகழ்ச்சி இன்னும் சுவையானது. கணவன் மாண்டவுடன் உயிர்நீத்த பாண்டிமாதேவி, சினந்து நீதி கேட்டு வந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத்தக்கவள் யார் என்று சேரன் தன் தேவியை வினவுகின்றான். பாண்டிமாதேவி வானுலக இன்பம் எய்தட்டும். நம் நாடு தேடிவந்த இப்பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்கின்றாள் வேண்மாள். இரு தலைவியருள் எவள் பக்கம் நிற்பது என்னும் வாதம், கேட்போரிடையே அன்றே நிகழ்ந்துவிட்டது.

‘இளங்கோவடிகள் சொன்னதே மூலம், மற்றவெல்லாம் திரிபு’ என்பார் ஒருசாரார். மூலம் என்பது அத்துணை எளிதில் அகப்படுமா? ஒரு மார்பை அறுத்த திருமாவுண்ணி என்பாளையும், தெய்வம் காக்கும் வேங்கையையும் நற்றிணைப் பாட்டொன்று குறிக்கின்றது. பேகனால் துறக்கப்பட்டு வருந்திய அவன் மனைவி கண்ணகிக்காகப் புலவர் பலர் பரிந்து பாடியவை புறநானூற்றில் உள்ளன. இவை ஒருத்தியின் கதையா, மூவரின் கதையா என்று அறிஞர் வாதிடட்டும். மக்களிடையே உலவிய செய்திகளை எடுத்துத் தம் நோக்கிற்கேற்பக் கோத்தவரே அடிகளும் என்பது என் துணிபு. அவருக்கிருந்த உரிமை அவருக்குப் பின் வந்தோர்க்கு இல்லை என்று விலக்க யாது நியாயம்?

அவ்வுரிமையை முதலில் எடுத்துக்கொண்டவர் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார். மாதவி மகளைத் தலைவியாக்கித் தொடர்காப்பியம் பாடியது மட்டுமன்று அவர் செய்தது. வஞ்சியில் கண்ணகியின் படிமத்தின்முன் மணிமேகலையை நிறுத்தி, அப்படிமத்தைப் பேசவும் வைக்கின்றார். சினந்து நகரை எரித்த வினையின் பயன் தன்னை விடாது தொடரும் என்று கண்ணகியே ஒப்புக்கொள்கின்றாள்! இளங்கோ போற்றிய சினத்தைப் பௌத்த அறநெறி கொண்டு சாத்தனார் திருத்திவிட்டார். இதனினும் துணிவான மாற்றத்தை எந்நாட்டுப் பற்றாளன் செய்திருக்கின்றான்?

நாட்டார் கதைக்கு வருவோம். புகழேந்தியார் பெயரில் வழங்கும் ‘கோவலன் கதை’ கற்றோரால் பெரிதும் இகழப்பட்டது. அதில் கண்ணகி காளியின் பிறப்பு. பாண்டியனுக்கே மகளாய்ப் பிறந்து பேழையில் வைத்து நீரில் விடப்பட்டவள். வெட்டுண்ட கோவலனை அவள் உயிர்ப்பிக்கின்றாள். கண் விழித்தவன் வாயில் மாதவியின் பெயரே முதலில் வருகின்றது. என்ன கொடுமை என்று கேட்போர் பதறுவர். எனினும் இவை வெறும் பிதற்றல் அல்ல. காப்பிய இறுதியில் தெய்வ வடிவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவன் மகள் என்றும் கூறுகின்றாள். அடிகள் அருளின் உருவகமாகச் சொன்னதை மக்கள் பிறப்புச் செய்தியாகக் கொண்டனர். மதுரையில் வெட்டுண்ட உடலைக் கண்ணகி தழுவி அழுதபோது, கோவலன் எழுந்து அவள் கண்ணீர் துடைத்து, ‘நீ இங்கிரு’ என்று சொல்லி வானோருடன் போய்விடுகின்றான். அவளோ, என் சினம் தணியாமல் கணவனைக் கூடேன் என்று அரசவை நோக்கி நடக்கின்றாள். உயிர்த்தெழும் கோவலனுக்கு வித்து அங்கேயே உள்ளது. அவ்விடத்தில் கண்ணகி கணவனைவிட வழக்கையே பெரிதாகக் கொண்டாள் என்பதைப் பண்டிதரினும் பாமரர் கூர்மையாக உணர்ந்தனர். ஆதலின்றோ, எழுந்தவனை ‘மாதவி’ என்று விளிக்கச் செய்து, அவளுடைய தனிமையை முழுமையாக்கினர்!

இன்னொன்றும் எண்ணத்தக்கது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை முழுமையாகப் பதிப்பித்த ஆண்டு 1892. அதற்கு முன் ஏடு படித்தோர் மிகச் சிலரே. தமிழகத்து ஊர்களில் அவள் பெயரை மறவாமல் காத்தவை இகழப்பட்ட இக்கதைப் பாடல்களே. காத்தவரைக் கெடுத்தவர் என்பது நன்றியன்று.

மலைக்கு மேற்கே அவள் வேறு கோலம் பூண்டாள். கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியோடு இணைக்கும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. பாலக்காட்டு ஊர்களிலிருந்து பங்குனிப் பரணிக்குச் சிவப்பாடை அணிந்து வெளிச்சப்பாடுகள் செல்வதை நம்மவர் ஆண்டுதோறும் காண்கின்றனர். திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் கோயிலில் பொங்கல் விழா நாள்களில் அவள் கதை தோற்றம் பாட்டாகப் பாடப்படுகின்றது. அங்குக் கோவலன் ‘பாலகன்’ ஆகின்றான். பாண்டியன் வதம் பாடி முடியும் வேளையிலேயே இலட்சக்கணக்கான பெண்களின் அடுப்பில் தீ மூட்டப்படுகின்றது. மதுரையை எரித்த தீ, சோறு சமைக்கும் தீயாக மாறிய இவ்விந்தையைக் கற்பனை செய்தவர் எந்தப் புலவரோ, பெயரில்லை.

பாலக்காட்டைச் சொன்னபோது ஒன்றை விட்டுச்செல்ல மனம் வரவில்லை. அங்குப் பகவதி கோயில் கூத்துமாடங்களில் நிகழும் தோற்பாவைக்கூத்தில் கம்பன் பாடல்கள் தமிழிலேயே ஒலிக்கின்றன. புலவர் மலையாளம் கலந்து விளக்கம் சொல்கின்றார். எதிரே ஆளில்லாத இரவுகளும் உண்டு. தாரிகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராவண வதத்தைக் காணாத பத்திரகாளிக்காகவே அக்கூத்து என்பர். கொடுங்கல்லூர் வழக்கை ஏற்போமாயின், ஒரு கதையின் தலைவி இங்கே மற்றொரு கதையின் சுவைஞராய் அமர்ந்து சீதையின் துயரைக் கேட்கின்றாள். அப்படிக் கேட்பவளின் மனத்தில் என்ன ஓடும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

கடல் கடந்தால் ஈழம். கயவாகு மன்னன் பத்தினிக்கு விழாவெடுத்த செய்தி காப்பியத்திலேயே உள்ளது. சிங்களவர் அவளைப் ‘பத்தினி’ என வழிபடுகின்றனர். கணநாத ஒபயசேகர 1984இல் அவ்வழிபாடு பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். மட்டக்களப்புத் தமிழரிடையே ‘கண்ணகி வழக்குரை’ கோயில்தோறும் பாடப்படுகின்றது. அங்கே அவள் மாங்கனியிலிருந்து பிறந்தவள். அவ்வூர்களில் நிகழ்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரார் கண்ணகி கட்சி, கோவலன் கட்சி என இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கோத்து இழுப்பர். எவர் எக்கட்சி என்பது குடிவழியாக வருவது. கணவன் மனைவி வழக்கில் ஊரே பக்கம் பிரிந்து நிற்பதை இதனினும் வெளிப்படையாகக் காட்ட இயலுமா?

இத்தனை மாற்றங்களையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவள் பிறப்பை மாற்றினர். கணவன் பெயரை மாற்றினர். அவனை உயிர்ப்பித்தனர், மீண்டும் இழந்தனர். அவளைக் கன்னியாக்கினர், காளியாக்கினர். ஒன்றை மட்டும் எவரும் தொடவில்லை. சிலம்பைக் கையில் ஏந்தி அரசன் முன் சென்று, ‘நீ தவறு செய்தாய்’ என்று ஒரு பெண் மெய்ப்பித்த அந்த வழக்கு எல்லா வடிவிலும் நிற்கின்றது. ஈழத்தார் நூலுக்கே ‘வழக்குரை’ என்று பெயரிட்டுவிட்டனர். 1942இல் கண்ணாம்பா நடித்த ‘கண்ணகி’, 1964இல் விஜயகுமாரி நடித்த ‘பூம்புகார்’ ஆகிய திரைப்படங்களும் அவ்வழக்கையே உச்சமாக்கின. பாரதிதாசன் 1962இல் ‘கண்ணகி புரட்சிக் காப்பியம்’ பாடி இயற்கை கடந்தவற்றை விலக்கினார், வழக்கை விலக்கவில்லை. கோவலன் இன்றியும் கண்ணகி உண்டு. வழக்கின்றிக் கண்ணகி இல்லை.

ஆகவே எல்லாக் கற்பனையும் நன்றே என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணகியை உயர்த்துவதற்காக மாதவியைப் பொருளாசைக்காரியாகக் காட்டும் மேடை வழக்கு எனக்கு உடன்பாடன்று. இளங்கோவின் மாதவி மடல் எழுதி மன்றாடியவள். கோவலன் மாண்டது கேட்டுத் துறவு பூண்டவள். ஒருத்தியை உயர்த்த இன்னொருத்தியைத் தாழ்த்துவது பற்றாளர் செய்யும் பழைய பிழை. கோவலன் கதையும் அதற்கு விலக்கன்று. அவ்வாறே, கண்ணகியைப் பொறுமையின் சிலையாக்கி, ‘கணவன் என்ன செய்தாலும் வாய் திறவாதவள்’ என்று பெண்மக்களுக்குப் பாடம் சொல்வதும் வழக்கை மறைக்கும் கற்பனையே. பரத்தையர் வீடு தேடிய கணவனிடம் அவள் மௌனமாக இருந்தாள், மெய்தான். அரசனிடம் இருக்கவில்லையே!

குமுளிக்கு அருகே, பெரியாற்றுப் புலிகள் காப்பகக் காட்டினுள் மங்கலதேவி கோட்டம் சிதைந்து கிடக்கின்றது. காப்பியம் சொல்லும் பத்தினிக் கோட்டம் இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960களில் அடிச்சுவடு தேடி நடந்து வாதிட்டார். ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுமதியன்று மட்டுமே மக்கள் அங்குச் செல்ல இசைவு உண்டு. குமுளி வழியே ஜீப்பில் ஒருசாரார் ஏறுவர். கம்பம் பள்ளத்தாக்கின் பளியங்குடியிலிருந்து மறுசாரார் நடந்தே ஏறுவர். அவ்விடம் எம்மாநிலத்தது என்ற பூசல் இன்னும் தீர்ந்தபாடில்லை. இருபுறத்து அதிகாரிகளும் கூடிப் பேசியே விழா நடக்கின்றது. தேவிகுளமும் பீர்மேடும் 1956இல் கேரளத்தின் பகுதியான பின், தேயிலைக்கும் ஏலத்திற்கும் உழைக்க வந்து இம்மலையிலேயே தங்கிவிட்ட நம் குடும்பங்களுக்கு இப்பூசல் புதிதன்று. வேற்று நாட்டு மன்னனிடம் தன் சொல் எடுபடுமா என்று அஞ்சாமல் வாயிலில் நின்ற ஒருத்தியை, அங்கிருந்து இம்மலைக்கே நடந்து வந்தவளை, தம்மவளாக எண்ண அவர்களுக்குப் புலவர் சான்று வேண்டியதில்லை.

அன்று குன்றக் குறவர் அவளிடம் ஊரும் மொழியும் கேட்டறிந்த பின்னா குரவை ஆடினர்? மலையேறும் கூட்டத்தில் தமிழில் அவளை அழைப்போரும் உளர், மலையாளத்தில் அழைப்போரும் உளர். இருவரும் தத்தம் பாட்டிமார் சொன்ன கண்ணகியையே கொண்டு செல்கின்றனர். தோட்டத்து வீடுகளில் சொல்லப்படும் அவள் கதையை யாரேனும் கேட்டு எழுதி வைத்தால், மட்டக்களப்பு வழக்குரைக்கு அருகில் வைத்து ஒப்புநோக்க நமக்கும் ஒன்று கிட்டும். நம் சங்கத்து இளைஞர் அடுத்த சித்திரைக்குள் அதனைத் தொடங்கலாம்.